வராததை எண்ணுவது

மூன்றாம் குளம் செத்தபோது
மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
சீனி இபுராம்சாவுக்கு ஆறாமல் போனது அதுதான்.
ஆம்பியர் முள் தன் இடத்தில்,
பச்சை விளக்கு பச்சையாக,
கியர்பாக்ஸை விட்டு வெளியே வந்ததும் தண்டு முறிந்து
துடுப்புச் சக்கரம் தண்ணீரில் சும்மா உட்கார்ந்திருந்தது.
நாலு மணிக்கு இறால்கள் கரையோரம் ஒதுங்கி
மூச்சுக்கு மேலே வந்தன.
விடிந்ததும் காக்கைகள் வந்தன.

"கரண்ட்டு வருதான்னு கேக்காத தங்கச்சி,
சுத்துதான்னு கேளு"
என்றார் காவலுக்கு இருந்த நம்புவேல்.

கேட்பதற்கு ஒரு சென்சார் வாங்கினேன்.
கட்டைவிரல் பருமன், பித்தளை உடம்பு,
முகம் மட்டும் ஆரஞ்சு.
உலோகம் கிட்டே வந்து போனால் தெரிந்துகொள்ளும், தொடாது.
அது பார்க்கத் தண்டில் ஒரு போல்ட் முடுக்க வேண்டும்.
திருப்பாலைக்குடிக் காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது;
துருப்பிடிக்காத எஃகையோ
சென்சார் அரை மனதோடுதான் பார்க்கிறது.
இன்னும் கொஞ்சம் கிட்டே,
இன்னும் கொஞ்சம்,
ஐந்து மில்லிமீட்டரில் அதன் முதுகில்
சிவப்புப் புள்ளி மினுங்கியது.

பழுப்பு வயருக்கு இருபத்துநாலு வோல்ட்.
நீலம் தரைக்கு.
பேசுவது கறுப்பு.
முதல் நாள் அந்தக் கறுப்பை நேரே
மைக்ரோகண்ட்ரோலரின் காலில் கொடுத்தேன்.
மூன்று சொச்சம் வோல்ட்டில் பிழைக்கிற பிராணி அது.
ஒரு சொடுக்கு. கருகல் வாசனை.
நம்புவேல் எழுந்து
அடுப்பில் கருவாடு தீய்கிறதா என்று பார்க்கப் போனார்.

மறுநாள் நடுவில் ஆப்டோகப்ளர் வைத்தேன்.
நகக்கண் அளவு கறுப்புப் பெட்டி,
உள்ளே ஒரு பக்கம் விளக்கு, எதிரே ஒரு கண்,
இடையில் வயர் கிடையாது.
அந்தப் பக்கம் இருபத்துநாலு வோல்ட் என்ன கத்தினாலும்
இந்தப் பக்கம் வந்துசேர்வது வெளிச்சம் மட்டும்.

சுற்றுக்கு ஒரு துடிப்பு.
ஒவ்வொரு துடிப்பும் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் தள்ளும்.
நான் எழுதிய புரோகிராம் அவ்வளவுதான்:
காத்திரு,
வந்தால் மறந்துவிடு,
வராவிட்டால்

எவ்வளவு நேரம் வராவிட்டால்?

மூன்று நொடி என்று போட்டேன்.
பாசி ஒரு கொத்து சிக்கிச் சக்கரம் தடுமாறியதற்கே சைரன் அலறியது.
பத்து போட்டேன்.
ஜெனரேட்டர் மாறுவதற்குள் பத்து கடந்துவிடுகிறது.
நம்புவேலிடம் கேட்டேன்.
கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"படகுன்னா ரெண்டு நாள் பாப்போம்.
இறாலுக்கு எனக்குத் தெரியாது."
முப்பது என்று எழுதினேன்.
அந்த எண்ணுக்கு என்னிடம் வேறு நியாயம் இல்லை.

பதினொரு நாள் கழித்து, நடுச்சாமத்தில், சைரன்.
டார்ச்சோடு வரப்பில் ஓடியவருக்கு
நாலு சக்கரமும் நுரை தள்ளிச் சுற்றுவது தெரிந்தது.
பட்டணங்காத்தானிலிருந்து நான் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது
கறுப்பு வயரை எலி கடித்திருந்தது.
சக்கரம் நின்றாலும் வயர் அறுந்தாலும்
கேட்பவருக்கு ஒரே மௌனம்.
"இதுக்கெல்லாம் கத்தாம செய்ய முடியாதா?" என்றார் இபுராம்சா,
லுங்கியோடு, கொட்டாவியோடு.
முடியும்.
செய்ய மாட்டேன் என்றேன்.
தெரியவில்லை என்றாலும் அது அலறத்தான் வேண்டும்.

வயரை இப்போது குழாய்க்குள் விட்டிருக்கிறேன்.
நம்புவேல் சக்கரங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.
பெட்டிக்கு எதிரே பாய் விரித்து
சிவப்புப் புள்ளியோடு சேர்ந்து கண் சிமிட்டுகிறார்.
சைரன் கேட்காத ராத்திரிகளில்
இரண்டு தடவை எழுந்து
சோதனைப் பொத்தானை அழுத்துகிறார்.
மோர்ப்பண்ணைப் பக்கத்து நாய்கள் குரைக்கத் தொடங்கி
ஒன்றன்பின் ஒன்றாக ஓய்கின்றன.
பிறகு படுக்கிறார்.